பொன்மணிக்கு அளந்த படி

ராஜபாளையத்தில் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் ராஜரத்தினத்தின் கடைக்கு வருகிறவர்கள், மோட்டாரை இறக்கி வைக்குமுன்னே "அந்தப் பிள்ளை இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறாள் என்றால்தான் இறக்குவார்கள்.

அந்தப் பிள்ளைக்கு வயது இருபத்துநாலு. பெயர் பொன்மணி. சுந்தரபாண்டியம் தாண்டி ஒன்றரை மைலில் இருக்கும் ஆவாரங்குளம் அவள் ஊர். கடைக்குப் பில் எழுதத்தான் வந்தாள். பில் எழுதிய நேரம் போக மிச்ச நேரம் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. எரிந்த மோட்டாரிலிருந்து வெட்டிப் போடும் பழைய காயிலை எடுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணினாள். எந்தக் கம்பி எந்தப் பள்ளத்தில் இறங்கி எந்தப் பள்ளத்தில் ஏறுகிறது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் படம் போட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் தடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு பொங்கல் லீவில் வேலையாட்கள் ஒருவரும் இல்லாத நேரம், சோழபுரத்துத் தோட்டக்காரர் ஒருவர் மோட்டாரோடு வந்து தலையில் கைவைத்து நின்றார். பொன்மணி பில் புத்தகத்தை மூடி உறைக்குள் வைத்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வாங்கண்ணே" என்றாள். அன்றைக்கு மூடிய பில் புத்தகத்தை அவள் பிறகு திறக்கவேயில்லை. பில் எழுத வேறு ஆள் வந்துவிட்டது.

ராஜரத்தினத்தின் மகள் பிரிஸ்கில்லாதான் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம், கைத்தொழில் தெரிந்த இளைஞர் எட்டுப் பேரை ஆண்டுதோறும் தூர தேசத்துக்கு அனுப்புகிறது. அங்கேயிருந்து எட்டுப் பேர் இங்கே வருகிறார்கள். இந்த ஆண்டு முறை நார்வேக்கு. மூன்று மாதம் அங்கே ஒரு தொழிற்பள்ளியில் இருந்து, அவர்கள் வேலையைப் பார்க்கலாம், நம் வேலையைக் காட்டலாம்.

நேர்காணலில் ஒரு அம்மா கேட்டார். "நீங்க போய் அவங்களுக்கு என்னத்தம்மா காட்டுவீங்க?"

"அங்க மோட்டார் எரியுமா மேடம்?"

"எரியும்னுதான் நினைக்கிறேன்."

"அப்பச் சரி" என்றாள் பொன்மணி. எட்டுப் பேரில் அவள் பெயர் மூன்றாவதாக வந்தது.

அவளுடைய அப்பா மலைச்சாமி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் நார்வே போகிறாள் என்று தெரிந்ததும் பயண ஏற்பாட்டைத் தாமே கையில் எடுத்துக்கொண்டார். பனியைக் கண்ணால் பார்த்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். லடாக் பக்கம் போட்டிருந்த பழைய கோட்டைப் பரணிலிருந்து இறக்கி மூன்று நாள் வெயிலில் காயப்போட்டார். ரசகற்பூர நெடி போனபாடில்லை.

"நார்வே எம்புட்டுத் தூரம்?" என்று கேட்டாள் அம்மா கருத்தம்மா.

"லடாக்குக்கும் அங்கிட்டு."

"அப்ப வேண்டாம்."

"ஏன் வேண்டாங்கிற? அங்க ரூமுக்குள்ள சூடு வச்சிருப்பான். நம்ம வீட்டைவிடச் சொகமா இருப்பா."

மதுரையில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். அங்கே போனால் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், சொன்ன மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்து பொன்மணி இதையெல்லாம் ஒப்பித்தாள். "தட்டுக் கழுவுறதுக்கா பாஸ்போட்டு எடுத்த? இங்க கழுவுன்னா மட்டும் கேக்க மாட்டேங்கிற" என்றாள் கருத்தம்மா.

குளிர் எப்படி இருக்கும் என்று பொன்மணிக்குக் கேட்டுத் தெரிந்துகொண்டது போதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரர் பாலை வைக்கக் குளிரறை ஒன்று கட்டியிருந்தார். அதன் காற்றாடி மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு அங்கே போய் நின்றாள்.

"என்ன தாயி, மோட்டாரப் பாக்கணுமா?"

"இல்லண்ணே. செத்த நேரம் உள்ள நிக்கணும். குளிர் பழகணும்."

கடைக்காரர் மலைச்சாமியைப் பார்த்தார். மலைச்சாமி கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "கதவைச் சாத்துங்க. முப்பது நிமிசம்" என்றார்.

நாலு டிகிரி. பால் கேன்களுக்கு நடுவே லடாக் கோட்டோடு அரை மணி நேரம் நின்றாள். வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "எப்படி இருந்துச்சு?"

"ஒடம்பு ஒண்ணும் பண்ணல. வெரலுதான் மரத்துப் போச்சு. நட்டு ஒண்ண எடுத்துட்டுப் போயிருந்தேன், திருக முடியல."

கோட்டு சரி, கையுறைதான் சிக்கல் என்று அன்றைக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து கடையில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு நட்டுத் திருகிப் பழகினாள். முதல் வாரம் பத்துக்கு ஏழு கீழே விழுந்தது. பங்குனி பிறப்பதற்குள் பத்தும் நின்றது.

விசா வந்தது. பயணச்சீட்டு வந்தது. வியாழக்கிழமை பிற்பகல் சென்னையில் விமானம். புதன்கிழமை மாலை ராஜபாளையத்தில் ரயில் ஏற வேண்டும். எட்டுப் பேருக்கும் ஒரே சீட்டு, தேதி மாற்ற முடியாது. ஒருவர் வராவிட்டால் அந்த இடம் காலிதான்.

தேதியைப் பார்த்ததும் கருத்தம்மா விரல் விட்டு எண்ணினாள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஆவாரங்குளத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டு.

காப்புக் கட்டும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருக்கிறவர் யாரானாலும், எட்டாம் நாள் பொங்கல் முடிகிறவரை வெளியூரில் இராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் பொழுது அடையத் திரும்பிவிட வேண்டும். லீவில் வந்த பட்டாளத்துக்காரர்களும் போலீஸ்காரர்களும் காப்புக்கு முன்னாலேயே பெட்டியைக் கட்டிவிடுவது அதனால்தான். எல்லைக்கு வெளியே இருந்துவிட்டால் கட்டு இல்லை.

பொன்மணிக்கு இதில் குழப்பம் ஏதும் இல்லை. திங்கட்கிழமையே பெட்டியோடு ராஜபாளையம் போய்விடுவது, இரண்டு இரவு பிரிஸ்கில்லா வீட்டில் தங்குவது, புதன்கிழமை ரயில். அம்மாவிடம் சொன்னாள். கருத்தம்மா சரி என்றாள். அந்தச் 'சரி'யை வாங்கியதும்தான் பயணம் உறுதி என்று பொன்மணிக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆவாரங்குளத்துக் குடிதண்ணீர் மோட்டார் எரிந்தது.

கண்மாய்க் கரையில், ஆழ்துளைக் கிணற்றை ஒட்டி இருக்கிறது மோட்டார் அறை. திருவிழாவுக்கு ஊர் முழுக்க விருந்தாள் வரும் நேரம். பொன்மணிதான் போய், சங்கிலிக் கப்பியைக் கட்டி, பத்துக் குழாயையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றினாள். திங்கட்கிழமை அவளும் அவள் பெட்டியும் எரிந்த மோட்டாரும் ஒரே குட்டியானைச் சரக்கு வண்டியில் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தார்கள். கிளம்புகையில் ஊர்ப் பெரியவர்கள் கூலி என்ன என்று கேட்டார்கள்.

"இந்தத் தண்ணியக் குடிச்சு வளந்தவகிட்ட கூலி பேசுறீகளா? போங்க மாமா" என்று சிரித்துவிட்டாள்.

திங்கள் பகலும் இரவும் உட்கார்ந்து காயில் கட்டி, செவ்வாய் மதியத்துக்குள் சோதித்து முடித்தாள். மோட்டாரை இறக்கி மாட்டக் கடை ஆட்கள் இரண்டு பேர் போனால் போதும். ராஜரத்தினமும் அதைத்தான் சொன்னார். ஆனால் தண்ணீருக்குள் இறங்கப் போகிற கேபிளின் ஜாயிண்ட்டைப் பொன்மணி இதுவரை இன்னொருவர் கையில் விட்டதில்லை. அதில் ஒரு சொட்டு நீர் புகுந்தால் கட்டிய காயிலெல்லாம் வீண். ஊர் தண்ணீரில்லாமல் நிற்க, தான் நார்வேயில் நிற்பதா?

"காப்பு ஏழு மணிக்குத்தானே. அஞ்சுக்குள்ள முடிச்சிட்டு வண்டியிலேயே திரும்பிருவேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த நாளாகக் காப்பு ஏழு மணிக்குத்தான். விமானம் புறப்படும் நேரத்தை மூன்று தடவை சரிபார்த்தவள், காப்பு நேரத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கண்மாய்க் கரை வழியாக வண்டி வந்ததால் ஊருக்குள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஜாயிண்ட்டைச் சுற்றிக் கட்டி, குழாய்களை இறக்கிக்கொண்டிருந்தபோது கொட்டுச் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குப் பழகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமி, குழாய் நடுங்கி, தண்ணீர் முட்டிக்கொண்டு தொட்டியில் விழுந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஐந்து. தண்ணீர் வந்துவிட்டதென்று குடத்தோடு ஓடிவந்த பெண்கள் எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

முன்னால் வந்தவள் கருத்தம்மா. குடம் அவள் இடுப்பிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"ஏட்டி! நீ இங்கயா இருந்த?"

"எம்மா, மணி அஞ்சுதானே ஆகுது. காப்பு ஏழுக்கில்ல?"

"ஆறு மணிக்கு அட்டமி பொறக்குதுன்னு, இந்த வருசம் ராகு காலம் முடிஞ்ச கையோட நாலரைக்கே கட்டியாச்சு. ஞாயித்துக்கிழம மைக்குல சொன்னாகளே. ஊரே கேட்டுச்சு."

"ஞாயித்துக்கிழம நான் மோட்டார ஏத்திக்கிட்டுக் கெடந்தேன்."

செய்தி கோயிலுக்குப் போன வேகத்தில், பூசாரி வேலுசாமியும் மலைச்சாமியும் பின்னால் பாதி ஊரும் கண்மாய்க் கரைக்கு வந்துவிட்டார்கள். மலைச்சாமி கூட்டத்தை ஒழுங்கு செய்கிற விசிலைக் கழுத்தில் போட்டபடியே வந்தார்.

"தெரியாம வந்துட்டா. போகட்டும். ராணுவத்துல உத்தரவு வந்தா காப்பாவது கீப்பாவது" என்றார்.

"நீங்க பேசாதிய" என்றாள் கருத்தம்மா.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் மலைச்சாமி லீவு முடிந்துவிட்டதென்று காப்புக் கட்டிய மறுநாள் ரயிலேறினார். அந்த வாரமே பனியில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அவர் வீடு வந்து சேரும்வரை நாற்பது நாள் கருத்தம்மா பாயில் முதுகு சாய்க்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைத்தாள்.

"ஐஸ்ல வழுக்குச்சு. அம்மனா வந்து தள்ளிவிட்டா?" என்றார் மலைச்சாமி.

"வழுக்கவிட்டது யாரு?"

பொன்மணிக்கு அப்பா சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. யார் தடுத்தாலும் வண்டியில் ஏறிப் போய்விடலாம். ஆனால் மூன்று மாதம் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் குளிர்தேசத்தில் தனக்கு எந்த வேலை ஓடும் என்று நினைத்துப் பார்த்தாள். போக வேண்டும். அம்மா தூங்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட அவளுக்கு மனமில்லை.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "மோட்டார் ரூமு எல்லைக்கு வெளிய இருக்குன்னு வச்சுக்கிருவோம்."

"எப்படி வச்சுக்கிறது?" என்றாள் பொன்மணி. "எல்லைக்கல்லு அந்தா அங்கிட்டுக் கெடக்கு. அதத் தாண்டித்தான் உள்ள வந்தேன். பொய் சொல்லிட்டுப் போனா அம்மாவுக்குத் தெரியாதா?"

"டிக்கெட்ட மாத்தேன்" என்றது ஒரு குரல்.

"அது என்ன, தென்காசி பஸ்ஸா?" என்றார் மலைச்சாமி.

வேலுசாமி நல்ல மனிதர்தான். ஆனால் முறையை வளைக்க அவரிடம் அதிகாரம் இல்லை. "அறியாமச் செஞ்சாலும் கட்டு கட்டுதான் தாயி" என்றார்.

அப்போது மேளக்காரர் சந்தனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். அவர் குழுவினர் நாலு பேரும் மேளத்தை உறையில் போட்டுத் தோளில் மாட்டியிருந்தார்கள்.

"பூசாரியாரே, பொழுது சாயுது. படிய அளந்துவிட்டா நாங்க பஸ்ஸப் பிடிப்போம். நாளைக்குக் காலையில வரணும்ல."

வேலுசாமி கோயிலிலிருந்து அரிசிப் பெட்டியையும் அளக்கும் படியையும் கொண்டுவரச் சொன்னார். திருவிழாவில் வேலை செய்ய வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் காப்பு அன்று ஆளுக்கு ஒரு படி அரிசி அளந்து கொடுப்பது வழக்கம். வாங்கிக்கொண்டால் அவர்களுக்குக் கட்டு இல்லை. தினமும் வரலாம், தினமும் போகலாம். சந்தனத்துக்கும் ஆட்களுக்கும் அளந்தார். ஓரமாக நின்ற கடை ஆட்கள் இருவரையும் கூப்பிட்டார். "நீங்களும் வாங்கிக்கங்கப்பா. வாங்காமப் போனா உங்களுக்கும் கட்டாயிரும்." அவர்கள் துண்டை விரித்து வாங்கினார்கள்.

கருத்தம்மா அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தக் குட்டியானையில எத்தன பேரு வந்தாக?"

"மோட்டார் மாட்டவா? மூணு பேரு" என்றார் வேலுசாமி.

"ரெண்டு படிதானே அளந்திருக்கிய?"

படியைப் பெட்டிக்குள் வைக்கப்போன வேலுசாமி நிமிர்ந்தார்.

"அது ஊர்ப்பிள்ளையில்லா கருத்தம்மா" என்றார் வேலுசாமி மெதுவாக.

"ஊர்ப்பிள்ளையா வந்திருந்தா கோயில் முன்னால கையக் கூப்பிக்கிட்டு நின்னுருப்பா. காப்புக்கு வரல அவ. வேலைக்கு வந்தா. ராசபாளையத்துக் கடையிலேருந்து, கடை வண்டியில, கடை ஆளுகளோட. இவிய ரெண்டு பேருக்கு உள்ள முறை அவளுக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்?"

சந்தனம் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "கோர்ட்டுக்கு வக்கீல் வேண்டாம் போலிருக்கே!"

வேலுசாமி யோசித்தார். முறைக்குள்ளேயே ஒரு வழி தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "தாயி, நல்லாக் கேட்டுக்க. படி வாங்கினா இந்த வருசம் நீ வெளியாளு. முளைப்பாரி கெடையாது, பொங்கப் பானை கெடையாது. இங்கேருந்து உங்க வீட்டு வாசல்கூட மிதிக்கக் கூடாது, நேரா எல்லையத் தாண்டணும். இன்னைக்கே அந்த அரிசியப் பொங்கிச் சாப்பிட்டுறணும்."

பொன்மணிக்கு முகம் சுருங்கியது. எரிந்த மோட்டாரை ஏற்றியதும் தன் ஊர் என்றுதான். இரவெல்லாம் காயில் கட்டியதும் தன் ஊர் என்றுதான்.

"நம்ம ஊர்த் தண்ணிக்கு நான் படி வாங்கணுமா? கூலியே வேண்டாம்னு சொன்னவ நான்."

"பெரிய மனுசி! அதுக்குத்தான் இப்ப முழிக்க" என்றாள் கருத்தம்மா. பிறகு குரலை இறக்கினாள். "வாங்குட்டி. ஒரு வருசம் வெளியாளா இருந்தா கொறஞ்சு போகமாட்ட. அடுத்த வருசம் ரெண்டு முளைப்பாரி தூக்கு. நீ இத வாங்கிட்டுப் போனாத்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்."

பொன்மணி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கலக்கம் இல்லை. கணக்குச் சரியாக வந்தவள் முகம்போல இருந்தது.

மேலே போட்டிருந்த துப்பட்டாவை எடுத்து உதறி, இரண்டு கையிலும் ஏந்தி விரித்தாள். வேலுசாமி படியைத் தலைதட்டாமல் கூம்பாக அளந்து போட்டார். அப்புறம் ஒரு கை அள்ளி அதன்மேல் போட்டார்.

"எங்களுக்கு மேல்கை போடலையே பூசாரியாரே" என்றார் சந்தனம்.

"நீரு நாளைக்கு வருவீரு. அது மூணு மாசம் கழிச்சில்ல வரும்."

எல்லைக்கல் வரையில் எல்லாரும் வந்தார்கள். வீட்டிலிருந்து அவள் எடுக்க மறந்திருந்த ஊறுகாய்ப் பாட்டிலைக் கொண்டுவர மலைச்சாமி கிளம்பினார். "வெளியாளுக்கு வீட்டுச் சாமான் எதுக்கு?" என்று கருத்தம்மா தடுத்துவிட்டாள். முறை என்றால் முழு முறை.

"கோட்டப் பெட்டியில வைக்காத, எடை கூடும். போட்டுக்கிட்டே போ" என்றார் மலைச்சாமி.

"சென்னை வெயில்லயாப்பா?"

"வெயிலெல்லாம் ஒரு மணி நேரந்தான்."

கடை ஆட்கள் முன்னால் ஏற, மேளக்காரர்களும் அதே வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தொற்றிக்கொண்டார்கள். "ஏறு தாயி. இன்னைக்கு நீயும் எங்க செட்டுதான்" என்று சந்தனம் கைகொடுத்துத் தூக்கினார். பொன்மணி அரிசி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி திரும்பும்போது பார்த்தாள். அம்மா கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, உருண்டு நெளிந்த குடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்தில் பிரிஸ்கில்லாவின் அம்மா கிருபாபாய் அரிசி வந்த கதை முழுவதையும் கேட்டுவிட்டு உலையை வைத்தாள். "ஒரு படிய இன்னைக்கே சாப்பிட்டுறணுமா? பக்கத்து வீட்டுக்காரவியளையும் கூப்பிடு" என்றாள். சோறு வெந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். அந்த ஜெபத்தில் ஆவாரங்குளத்துத் தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு வரி இருந்தது.

இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அப்பா.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்ப்பா. அம்மா எங்க?"

"பேசாமக் கேளு" என்றார் மலைச்சாமி. போனை எங்கேயோ கொண்டுபோகும் சத்தம். பிறகு கரகரவென்று ஒன்று இழுத்து, விட்டு, மறுபடி இழுத்தது.

பிரிஸ்கில்லா எட்டிப் பார்த்தாள். "என்னடி சத்தம் அது? பேரிங் போயிருச்சா?"

"இல்ல. எங்கம்மா தூங்குறா" என்றாள் பொன்மணி. மணி எட்டுகூட ஆகவில்லை. போனை அணைக்காமல் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்தாள்.